டிரைவர் முகச்சாய்வுத் தெரிவு (கோல்ஃப்)

டிரைவர் முகச்சாய்வுத் தெரிவு என்பது, கோல்ஃப் அல்லது குழிப்பந்தாட்டத்தில் நெடுந்தூர முதல் அடிக்குப் பயன்படும் டிரைவர் என்னும் கோலின் முகம் எத்தனை பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்பதை ஆட்டக்காரரின் வீச்சுக்கு ஏற்ப முடிவு செய்வதாகும். லாஃப்ட் என்று ஆட்டக்காரர்கள் அழைக்கும் இந்தச் சாய்வு, பந்து புறப்படும் கோணம், அதன் சுழற்சி, அது சென்று சேரும் தூரம் ஆகியவற்றைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கடைகளில் கிடைக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் 8 முதல் 13 பாகை வரை சாய்வு கொண்டவை. வீச்சு வேகம் குறையக் குறையச் சாய்வு கூட வேண்டும் என்பது இத்தெரிவின் அடிப்படை விதி. எனினும் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பின்பற்றிச் சாய்வு குறைந்த கோலை வாங்கிவிடுவது பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடையே பரவலாகக் காணப்படும் தவறாகும்.

வரையறை

கோலின் தண்டு செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால், அச்செங்குத்துக் கோட்டுக்கும் கோல்முகத்துக்கும் இடைப்பட்ட கோணமே முகச்சாய்வு ஆகும். ஒரு ஆட்டக்காரர் ஒரு சுற்றில் அதிக அளவாக 14 கோல்களை எடுத்துச் செல்லலாம். பந்தை உருட்டப் பயன்படும் பட்டர் என்னும் கோலைத் தவிர்த்தால், அவற்றுள் சாய்வு மிகக் குறைந்ததும் தண்டு மிக நீண்டதும் டிரைவரே.

டிரைவரின் முகம் தட்டையானதன்று. அது மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் சற்றே புடைத்திருக்கும். ஆகையால் குறிப்பிடப்படும் சாய்வு முகத்தின் நடுப்புள்ளிக்கு உரியது. நடுவுக்கு மேலே பந்து பட்டால் உண்மையான சாய்வு கூடுதலாகவும், கீழே பட்டால் குறைவாகவும் இருக்கும். கோலின் மீது பொறித்துள்ள எண்ணுக்கும் உண்மையான சாய்வுக்கும் ஒரு பாகை வரை வேறுபாடு காணப்படலாம்.

அடிக்கும் கணத்தில் முகம் கொண்டிருக்கும் சாய்வு, பொறித்த சாய்விலிருந்து வேறானது. தண்டின் வளைவு, கைகளின் நிலை, முகம் திறந்தோ மூடியோ வருதல் ஆகியவை அதை மாற்றுகின்றன. இது செயல் சாய்வு எனப்படும். பந்தின் பறப்பை முடிவு செய்வது இச்செயல் சாய்வே. ஆகவே, ஒரே எண் பொறித்த கோல் இருவர் கைகளில் இருவேறு பறப்புகளைத் தரும்.

பந்து பறக்கும் முறை

காற்றில்லா வெளியில் எறியப்பட்ட பொருள் 45 பாகையில் புறப்பட்டால் மிகுந்த தூரம் செல்லும் என்பது பள்ளி இயற்பியலில் கற்பிக்கப்படுவது. கோல்ஃப் பந்துக்கு இக்கணக்கு பொருந்தாது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சாய்ந்த முகத்தால் அடிக்கும்போது கோலின் ஆற்றலில் ஒரு பகுதி பந்தின் பின்சுழற்சியாக மாறுகிறது. சாய்வு கூடக் கூடச் சுழற்சி கூடும். முன்செல்லும் வேகம் குறையும். கோலும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். அந்நேரத்துக்குள் வேகம், கோணம், சுழற்சி ஆகிய மூன்றும் முடிவாகிவிடுகின்றன.

இரண்டாவது, பின்சுழற்சியுடன் பறக்கும் பந்தின் மேற்புறக் காற்று விரைவாகவும் கீழ்ப்புறக் காற்று மெதுவாகவும் செல்வதால் பந்தை மேலே தூக்கும் விசை உண்டாகிறது. செருமானிய இயற்பியலாளர் மாக்னசின் பெயரால் இது மாக்னசு விளைவு எனப்படும். கோல்ஃப் பந்தின் பறப்பில் பின்சுழற்சிக்கு உள்ள பங்கை இசுக்காட்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கத்ரி டெய்ட் 1890களில் ஆராய்ந்து விளக்கினார். எதிர்மின்னியைக் கண்டறிந்த ஜெ. ஜெ. தாம்சன் 1910 இல் லண்டனில் கோல்ஃப் பந்தின் இயக்கம் குறித்து விரிவுரை ஆற்றினார். பந்தின் மேலுள்ள சிறு குழிகள் காற்றின் இழுவையைக் குறைத்து இத்தூக்கு விசைக்கும் துணை செய்கின்றன.

ஆகவே டிரைவரால் அடித்த பந்து, தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டுத் தூக்கு விசையால் வானில் நிலைத்து நின்று பின் இறங்குகிறது. சுழற்சி போதாவிட்டால் பந்து விரைவில் விழுந்துவிடும். சுழற்சி மிகுந்தால் பந்து மேலே எழும்பித் தன் வேகத்தை வீணாக்கி ஏறத்தாழ நேர்கீழாக இறங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைத் தருவதே பொருத்தமான சாய்வாகும்.

வீச்சு வேகமும் சாய்வும்

தூக்கு விசை பந்தின் வேகத்தைப் பொறுத்தது. விரைவாக அடிக்கப்பட்ட பந்து தாழ்வாகப் புறப்பட்டாலும் காற்று அதை உயர்த்திவிடும். மெதுவாக அடிக்கப்பட்ட பந்துக்கு அவ்வுதவி குறைவு. ஆதலால் அது தொடக்கத்திலேயே உயரமாகப் புறப்பட வேண்டும். மெதுவாக வீசுபவர்களுக்குக் கூடுதல் சாய்வு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

டிராக்மேன் என்னும் கதிரலைக் கும்பா அளவீட்டுக் கருவியின் நிறுவனம் வெளியிட்ட சராசரிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்காவின் பி.ஜி.ஏ. தொடரில் ஆடும் ஆண்களின் வீச்சு வேகம் மணிக்கு ஏறத்தாழ 182 கி.மீ.; அவர்களின் பந்து ஏறத்தாழ 11 பாகையில் புறப்படுகிறது. எல்.பி.ஜி.ஏ. தொடரில் ஆடும் பெண்களின் வீச்சு வேகம் ஏறத்தாழ 151 கி.மீ.; அவர்களின் பந்து ஏறத்தாழ 13 பாகையில் புறப்படுகிறது. இரு சாராரின் பின்சுழற்சியும் நிமிடத்துக்கு 2,600 முதல் 2,700 சுற்றுகள் என்ற அளவில் அமைகின்றது. பொழுதுபோக்காக ஆடும் ஆண்களுள் பலரின் வீச்சு வேகம் 150 கி.மீ.யை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருப்பதால், அவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவர்கள் தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்களே.

ஏறத்தாழச் சமதளமாகப் பந்தை அடிப்பவருக்குக் கீழ்க்காணும் சாய்வுகள் தொடக்க வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன.

* மணிக்கு 120 கி.மீ.க்குக் குறைவு: 13 பாகையும் அதற்கு மேலும்
* 120 முதல் 135 கி.மீ. வரை: 12 முதல் 13 பாகை
* 135 முதல் 150 கி.மீ. வரை: 10.5 முதல் 12 பாகை
* 150 முதல் 170 கி.மீ. வரை: 9.5 முதல் 10.5 பாகை
* 170 கி.மீ.க்கு மேல்: 8.5 முதல் 10 பாகை

அளவீட்டுக் கருவி இல்லாதவர்கள் வீச்சு வேகத்தைத் தோராயமாகக் கணிக்க ஒரு எளிய வழி உண்டு. முகத்தின் நடுவில் நன்கு பட்ட பந்து, உருளும் தூரம் நீங்கலாக, வானில் பறந்து கடந்த தூரத்தை மீட்டரில் அளந்து அதில் நான்கில் மூன்று பங்கை எடுத்தால், மணிக்குக் கிலோமீட்டரில் வீச்சு வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். 180 மீட்டர் பறக்கவிடுபவரின் வேகம் ஏறத்தாழ 135 கி.மீ. ஆகும். அவர் 9 பாகைக் கோலை விட்டு 12 பாகைக் கோலுக்கு மாறினால், மற்றவை மாறாத நிலையில், பந்து புறப்படும் கோணம் ஏறத்தாழ இரண்டரைப் பாகை உயரும்.

கடைகளில் ஆண்கள் கோல், பெண்கள் கோல், முதியோர் கோல் எனப் பிரித்து விற்கும் வழக்கம் உண்டு. சாய்வைப் பொறுத்தவரை இப்பிரிவுக்கு அடிப்படை இல்லை. விரைவாக வீசும் பெண்ணுக்கு 10 பாகையும், மெதுவாக வீசும் ஆணுக்கு 13 பாகையும் பொருந்தக்கூடும்.

தாக்குகோணம்

பந்தைத் தொடும் கணத்தில் கோல்தலை மேல்நோக்கிச் செல்கிறதா கீழ்நோக்கிச் செல்கிறதா என்பதைக் குறிப்பது தாக்குகோணம். டிரைவர் அடியின்போது பந்து டீ என்னும் சிறு முளையின் மேல் வைக்கப்படுவதால், அதை மேல்நோக்கிய வீச்சில் அடிக்க இயலும். மேல்நோக்கி அடிப்பவரின் பந்து குறைந்த சுழற்சியுடன் உயரப் புறப்படும். கீழ்நோக்கி அடிப்பவரின் பந்து தாழ்வாகப் புறப்பட்டு மிகுந்த சுழற்சி பெறும்.

செயல் சாய்வுக்கும் தாக்குகோணத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுழற்சி மிகும். இதனால், கீழ்நோக்கி அடிப்பவர் சாய்வு கூடிய கோலை எடுத்தால் உயரம் கிடைத்தாலும் சுழற்சியும் கூடிவிடும். அவர் முதலில் சரிசெய்ய வேண்டியது கோலை அன்று, அடிக்கும் முறையை. பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேராக வைப்பதும், அதன் பாதி கோல்தலையின் மேல்விளிம்புக்கு மேல் தெரியுமாறு டீயை உயர்த்துவதும் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள்.

தவறாகப் பொருள் கொள்ளப்படும் அறிகுறிகள்

பந்து வானில் மிக உயர எழும்பி நின்று விழுவதைக் கண்டவுடன் சாய்வு மிகுந்துவிட்டது என்று கருதுவது இயல்பு. ஆனால் அதே தோற்றத்தை வேறு மூன்று காரணங்களும் உண்டாக்கும்.

* கீழ்நோக்கி அடித்தல்: பந்து தாழ்வாகப் புறப்பட்டு, பின்னர் படியேறுவது போல எழும்பும். இது சுழற்சியின் விளைவு.
* முகத்தின் கீழ்ப்பகுதியில் படுதல்: நடுவுக்குக் கீழே பட்ட பந்து தாழ்வாகப் புறப்பட்டு மிகுதியாகச் சுழலும். நடுவுக்குச் சற்று மேலே பட்ட பந்தோ உயரப் புறப்பட்டுக் குறைவாகச் சுழலும்.
* முகம் திறந்து வருதல்: வலக்கை ஆட்டக்காரரின் கோல்முகம் வலப்புறம் திறந்து வந்தால் செயல் சாய்வு கூடும், பந்து உயர்ந்து வலப்புறம் வளையும்.

இவற்றுள் எதற்கும் சாய்வு குறைந்த கோல் தீர்வாகாது. அப்படி மாற்றியவரின் பந்து பின்னர் தாழ்ந்து, தூரம் மேலும் குறைவதுண்டு. அதை ஈடுகட்ட அவர் பந்தைக் கைகளால் தூக்கிவிட முயல்வதால் வீச்சு மேலும் கெடுகிறது. தொடக்கத்திலிருந்தே உயர்வாகப் புறப்பட்டு, முகத்தின் நடுவில் பட்டும், தூரம் குறைந்து செங்குத்தாக இறங்கும் பந்தே மிகைச் சாய்வின் உண்மையான அடையாளம்.

சாய்வும் திசையும்

சாய்வு தூரத்தை மட்டுமின்றித் திசையையும் பாதிக்கிறது. கோல்முகம் வீச்சுப் பாதையிலிருந்து விலகியிருந்தால் பந்தின் சுழல் அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து பந்து வளைகிறது. ஒரே அளவு விலகலுக்கு, சாய்வு குறைந்த கோலில் அச்சு மிகுதியாகவும் சாய்வு கூடிய கோலில் குறைவாகவும் சாயும். சிறு பிழை சாய்வு குறைந்த டிரைவரில் பெரிய வளைவாவது இதனாலேயே. டிரைவரைக் காட்டிலும் 15 பாகைச் சாய்வுடைய மூன்றாம் எண் மரக்கோலால் பலர் நேராக அடிப்பதற்குத் தண்டின் குறைந்த நீளத்தோடு இதுவும் ஒரு காரணம்.

மாற்றியமைக்கத்தக்க கோல்களும் விதிகளும்

தண்டு தலையோடு சேரும் இடத்தில் திருகிச் சாய்வை மாற்றத்தக்க டிரைவர்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான அமைப்புகளில் சாய்வைக் கூட்டினால் முகம் சற்றே மூடிக்கொள்ளும். குறைத்தால் சற்றே திறந்துகொள்ளும். எனவே பந்து வலப்புறம் வளையும் வலக்கை ஆட்டக்காரர் சாய்வைக் குறைத்தால், திறந்த முகம் அக்குறையை வளர்க்கக்கூடும்.

ஆட்ட விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ அமைப்பும் ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கமும் இத்தகைய கோல்களை ஏற்றுள்ளன. ஆனால் ஒரு சுற்று தொடங்கிய பின் சாய்வை வேண்டுமென்றே மாற்றிவிட்டு அக்கோலால் அடிக்கக் கூடாது. கோல்தலையின் கனவளவு 460 கன சென்ட்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோலின் நீளம் 48 அங்குலத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். 2022 முதல் தொழில்முறைப் போட்டி நடத்துவோர் விரும்பினால் இதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டிரைவரின் தலை பெர்சிமன் என்னும் உறுதியான மரத்தால் செய்யப்பட்டது. கேரி ஆடம்சு 1979 இல் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் துருவேறா எஃகாலான டிரைவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சாய்வு 12 பாகை ஆகும். 1991 இல் காலவே நிறுவனத்தின் பிக் பெர்த்தா வெளிவந்தது. 1990களின் நடுப்பகுதியில் டைட்டேனியம் புழக்கத்துக்கு வந்ததும் தலைகள் மேலும் பெரிதாயின.

மரக்கோல் காலத்துப் பந்துகள் மிகுதியாகச் சுழன்றமையால், பந்து எழும்பாமலிருக்கச் சாய்வைக் குறைப்பது பயன் தந்தது. 2000 ஆம் ஆண்டில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 போன்ற திண்ம உட்கருப் பந்துகள் தொழில்முறைப் போட்டிகளில் இடம்பிடித்தபின், டிரைவரால் அடிக்கும்போது சுழற்சி வெகுவாகக் குறைந்தது. உயரமாகப் புறப்பட்டுக் குறைவாகச் சுழலும் பந்தே நெடுந்தூரம் செல்கிறது என்பது அளவீட்டுக் கருவிகளால் உறுதியானது. தாழ்ந்த சாய்வே திறமையின் அடையாளம் என்னும் எண்ணம் பழைய பந்துகளின் காலத்திலிருந்து எஞ்சிய ஒன்றாகும்.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் கோல்ஃப் ஆட்டம் நெடுங்கால வரலாறு உடையது. 1829 இல் நிறுவப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கம், பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே தோன்றிய முதல் கோல்ஃப் சங்கமாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், உதகமண்டலம், வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய இடங்களில் கோல்ஃப் திடல்கள் அமைந்தன. சென்னைக் கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயும் ஒரு கோல்ஃப் திடல் அமைந்திருந்தது. அப்பந்தயத் திடல் நிலத்தின் குத்தகையைத் தமிழ்நாடு அரசு 2024 செப்டம்பரில் முடிவுக்குக் கொண்டுவந்தது.

இத்திடல்கள் கடல் மட்டத்திலிருந்து வெவ்வேறு உயரங்களில் உள்ளமையால், சாய்வுத் தெரிவில் காற்றின் பங்கை ஒரே மாநிலத்துக்குள் காண முடிகிறது. சென்னையும், நன்னிலம், திருவாரூர் முதலிய காவிரிக் கழிமுக ஊர்களும் கடல் மட்டத்தை ஒட்டியவை. கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சமவெளியின் வெப்பமான காற்றோடு ஒப்பிட்டாலும் உதகையின் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது.

அடர்த்தி குறைந்த காற்றில் பந்தை இழுக்கும் விசையும் குறைகிறது, தூக்கும் விசையும் குறைகிறது. ஆகவே பந்து சமவெளியைவிடத் தாழ்ந்த வளைவில் பறந்தும் கூடுதல் தூரம் செல்லும். உதகையின் உயரத்துக்கு இக்கூடுதல் ஏறத்தாழ 8 விழுக்காடு எனக் கணக்கிடலாம். மெதுவாக அடிப்பவர்களுக்கு இது இன்னும் குறைவாக இருக்கும். தூரம் கூடியதைக் கண்டு சாய்வைக் குறைக்கலாம் என்று முடிவு செய்வது பொருந்தாது. தூக்கு விசை குறைந்த இடத்தில் பந்து உயர்வதற்குச் சாய்வே துணை. சமவெளியில் 12 பாகை பொருந்திய ஒருவர் நன்னிலம் போன்ற ஊரிலிருந்து உதகைக்குச் சென்று ஆடினாலும் அதே கோலை வைத்துக்கொள்வதே தக்கது.

ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காற்று கனமானது என்னும் கருத்து பரவலாக உள்ளது. உண்மையில் நீராவி, காற்றிலுள்ள நைட்ரசன், ஆக்சிசன் ஆகியவற்றைவிட இலேசானது. எனவே ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது. பறப்பில் இதன் விளைவு மிகச் சிறியது.

நிலத்தின் தன்மையும் கருதத்தக்கது. கோடையில் இறுகிய தரையில் தாழ்வாக இறங்கும் பந்து நெடுந்தூரம் உருளும். கடலோரத் தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, களிமண் கலந்த நிலம் நெகிழ்ந்துவிடுவதால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். அக்காலத்தில் தூரம் என்பது பறந்த தூரமே. கோடையில் உருண்ட தூரத்தை நம்பிச் சாய்வு குறைந்த கோலை வாங்கியவருக்கு மழைக்காலத்தில் அதன் குறை வெளிப்படும்.

தெரிவு செய்யும் முறை

பொருத்தமான சாய்வைக் கண்டறியப் பின்வரும் வரிசை பயனுள்ளதாகும்.

1. கோல்முகத்தில் உலர்ந்த பொடியைத் தூவிப் பத்துப் பந்துகளை அடித்து, அவை முகத்தில் எங்குப் படுகின்றன என்பதைப் பார்த்தல். நடுவில் படாதவரை சாய்வைப் பற்றி முடிவு செய்ய இயலாது.
2. வீச்சு வேகத்தை அளத்தல் அல்லது பறப்புத் தூரத்திலிருந்து கணித்தல்.
3. மேற்காணும் வழிகாட்டியில் தமக்குரிய சாய்வையும், அதைவிட ஒன்றரைப் பாகை கூடிய சாய்வையும் ஒரே வகைத் தண்டுடன் அடித்து ஒப்பிடுதல்.
4. மிக நன்றாகப் பட்ட ஒரே அடியை விடுத்து, பத்து அடிகளின் சராசரித் தூரத்தையும் பரவலையும் கணக்கிடுதல்.
5. இரண்டும் சமமாகத் தோன்றினால் சாய்வு கூடியதைத் தெரிதல்.

தொடக்கநிலை ஆட்டக்காரர்கள் உறவினரிடமிருந்தோ பழைய பொருளாகவோ கிடைத்த கோலால் கற்பது வழக்கம். அக்கோல் விரைவாக வீசும் ஒருவருக்கென வாங்கப்பட்ட 9 பாகை டிரைவராயின், கற்பவர் பந்து எழாததைத் தம் திறமைக் குறைவாகக் கருதக்கூடும். அந்நிலையில் டிரைவரை ஒதுக்கிவிட்டு 15 பாகை மரக்கோலால் தொடக்க அடியை அடிப்பது, புதிய கோல் வாங்காமலே கிடைக்கும் தீர்வாகும்.

தூரம் ஆட்டத்தின் ஒரு கூறு மட்டுமே. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், தொடக்க அடியின் தூரத்தில் பின்தங்கியவர்களுள் ஒருவராக இருந்தும், 2021 ஆகத்தில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தை ஒரே அடியில் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். அடுத்த அடியை நல்ல இடத்திலிருந்து அடிக்கும்படி பந்தைக் கொண்டுசேர்ப்பதே டிரைவரின் பணி. அதைப் பத்தில் பெரும்பாலான முறை செய்துதரும் சாய்வே ஒருவருக்குரிய சாய்வாகும்.